சற்று முன் ஒலித்த பாடல்

“இப்ப ஓடித்தே, அது என்ன பாட்டு? யார் பாடினது?” நம் வீடுகளில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேள்வி சின்னது. இன்றைக்குப் பதிலும் சின்னதுதான். செல்பேசியில் பாட்டுச் செயலியைத் திறந்தால், ‘சமீபத்தில் கேட்டவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் பேசும் பெட்டியிடமே கேட்டாலும் சொல்லிவிடும். பேரப்பிள்ளைகள் இதை அரை நிமிஷத்தில் செய்து முடித்துவிட்டு, “இதுக்குப் போயி இவ்வளவு நேரமா தாத்தா?” என்று நம்மைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் பெரும் பகுதி நடந்தது, நாம் பிழைக்க வந்து குடியமர்ந்த இந்தக் கொல்கத்தாவில்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. பாரதியார் இங்கே வந்ததும் நிவேதிதா தேவியைக் கண்டதும் பற்றி மலருக்கு மலர் எழுதியாகிவிட்டது. எழுதவேண்டியதுதான். எனினும் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசிவிட்டு டிராமுக்கு நின்ற நம் முந்தைய தலைமுறை, காதால் என்ன கேட்டது, கேட்டதை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதையும் யாராவது ஒருவர் எழுதிவைக்கத்தானே வேண்டும்?

1902-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கினார். பிறப்பால் அமெரிக்கர், லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆள். நவம்பரில் ஓர் ஓட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, கிளாசிக் தியேட்டர் நாடகக் கம்பெனியைச் சேர்ந்த சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு இளம்பெண்களின் பாட்டில் தொடங்கி, சில வாரங்களுக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளைச் செய்து முடித்தார். அக்காலத்தில் மின்சார மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு பெரிய புனலுக்குள் தலையை விட்டாற்போல நின்று உரக்கப் பாடவேண்டும். மறுமுனையில் ஊசி மெழுகுத் தட்டில் கீறும். மூன்று நிமிஷத்துக்குள் பாட்டு முடிந்தாகவேண்டும். ஆலாபனை, விஸ்தாரம் எல்லாம் அடுத்த ஜென்மத்துக்குத்தான்.

அப்படிப் பாட வந்தவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். 1873-இல் ஆசம்கரில் பிறந்தவர், தந்தை அர்மீனியர். சிறுமியாகத் தாயுடன் கல்கத்தாவுக்கு வந்து, இந்நகரின் தலைசிறந்த பாடகியாக உயர்ந்தவர். அவர் ஒவ்வொரு பாட்டும் முடிந்த கையோடு, கணீரென்று ஆங்கிலத்தில் “மை நேம் இஸ் கௌஹர் ஜான்” என்று சொல்லி முடிப்பார். இன்றைக்கும் அந்தப் பதிவுகளைக் கேட்டால் இது காதில் விழும். முதல் தடவை கேட்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். கர்வம் என்று நினைப்பவர்களும் உண்டு. காரணம் வேறு. மெழுகுத் தட்டுகள் இங்கிருந்து ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குக் கப்பலில் போய், அங்கேதான் இசைத்தட்டாக அச்சாகும். அங்குள்ள தொழிலாளிக்கு வங்காளமும் தெரியாது, உருதுவும் தெரியாது. எந்தத் தட்டில் யார் குரல் என்று அவன் எப்படி அறிவான்? காகிதத்தில் தப்பாக அச்சிட்டுவிட்டால் போச்சு. ஆகவே பாடினவரே பாட்டின் கடைசியில் தம் பெயரைச் சொல்லிவிடவேண்டும் என்று ஏற்பாடு. சற்று முன் ஒலித்த பாடல் யாருடையது என்ற கேள்விக்கு, அச்சாகி விற்பனைக்கு வந்த தட்டில் இந்தியாவில் கிடைத்த முதல் பதில்களில் இது ஒன்று. பாடினவர் வாயாலேயே வந்த பதில்.

இங்கே ஒரு சின்ன விலகல். பாட்டின் இறுதியில் பெயர் சொல்வது நமக்குப் புதிதா என்ன? திருஞானசம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். அதிலே தம் பெயரையும் சீர்காழியையும் சொல்லி, பாடுவோர்க்கு வரும் பயனையும் சொல்லித்தான் முடிப்பார். சுந்தரர் தம்மை ஆரூரன் என்பார். ஆண்டாள் தம்மைப் பட்டர்பிரான் மகளாகச் சொல்லிக்கொள்வாள். பிற்காலத்தில் தீட்சிதருக்கு ‘குருகுஹ’ முத்திரை, பாபநாசம் சிவனுக்கு ‘ராமதாசன்’ முத்திரை. அச்சும் ஏடும் கைகொடுக்காத இடத்தில் பாட்டே தன் பெயரைச் சுமந்துகொண்டு போகட்டும் என்ற முன்யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படிச் சுமக்காத இடத்தில் என்ன ஆயிற்று என்பதற்குக் குறுந்தொகை சாட்சி. பாடினவர் பெயர் தொலைந்துபோய், பாட்டில் வந்த சொற்றொடரையே பெயராக வைத்துச் ‘செம்புலப்பெயனீரார்’ என்றார்கள். அழகான பெயர்தான். ஆனால் அது அவர் பெயர் இல்லையே!

கௌஹர் ஜானுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் அவர் கச்சேரி செய்திருக்கிறார். அவருடைய இந்துஸ்தானிப் பாட்டுகள் தமிழில் வெளிவந்த ஒரு சங்கீதப் புத்தகத்திலும் இடம்பெற்றன. கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் இருந்து, 1930 ஜனவரியில் அங்கேயே காலமானார். கல்கத்தாவில் கொடிகட்டிப் பறந்த பெண்மணி தென்னாட்டில் தனியாகக் கண்மூடினார். 2010-இல் விக்ரம் சம்பத் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு அந்த ஆங்கில அறிவிப்பையே தலைப்பாக வைத்தார்.

1908-இல் கம்பெனி சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. இனி ஹானோவருக்கு அனுப்பவேண்டியதில்லை. 1928-இல் டம்டம்மில் யசோர் ரோட்டுக்கு மாறியது. இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று, தட்டின் மூலப்பொருளும் இந்தப் பக்கத்துச் சரக்கு என்பது. அந்நாளைய தட்டுகள் அரக்கால் ஆனவை. நம் புருலியா மாவட்டத்து ஜால்தா, பலராம்பூர் வட்டாரங்களிலும் சோட்டா நாக்பூரிலும் பூச்சி உற்பத்தி செய்த அரக்கு, கல்கத்தா துறைமுகம் வழியாக உலகம் முழுக்கப் போயிற்று. எந்த நாட்டில் எந்த மொழிப் பாட்டு சுழன்றாலும் அடியில் நம் ஊர் அரக்குக்கு ஒரு பங்கு உண்டு.

உள்ளூரிலேயே அச்சாகத் தொடங்கியதும், பேரேட்டுப் பதிவு ஒழுங்கானதும், பாடினவர் பெயர் சொல்லும் வழக்கம் படிப்படியாக நின்றது. பெயர் காகித லேபிளுக்குப் போயிற்று. காகிதம் கிழிந்தால்? அதற்கும் ஒரு வழி உண்டு. லேபிளுக்கும் பாட்டு முடியும் கடைசி வரிக்கும் நடுவில் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கே பொடி எழுத்தில் ஓர் எண் தெரியும். பதிவு செய்த வரிசையில் போட்ட எண் அது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் மைக்கேல் கின்னியர் இந்த எண்களையெல்லாம் ஒன்றுசேர்த்து, 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளைப் பற்றி 1994-இல் ஒரு நூலே வெளியிட்டார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு பதிவாயிற்று என்பது அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. இதைப் புத்தகத்தில் படிக்கவேண்டாம், ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய தட்டுக் கடைக்காரரே சொல்லுவார். இரும்பு ஊசி ஓட ஓடக் கறுப்புத் தட்டில் சாம்பல் நிறத் தடம் விழும். ஒரு வீட்டிலிருந்து மொத்தமாக வந்த நாற்பது தட்டுகளில் எதை அந்த வீட்டார் விரும்பிக் கேட்டார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கேட்பவரின் விருப்பத்தைத் தட்டே குறித்து வைத்துக்கொண்டது. தேதி மட்டும்தான் இல்லை.

பேசும் படம் வந்ததும் குழப்பம் இரட்டிப்பாயிற்று. அதற்கும் காரணம் இந்த ஊர்தான். 1935-இல் இங்கே டாலிகஞ்சில் நியூ தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் (வங்காளத்தில் ‘பாக்ய சக்ரா’, இந்தியில் ‘தூப் சாவோன்’) நிதின் போஸும் ராய்சந்த் போராலும் பின்னணிப் பாடல் முறையைக் கொண்டுவந்தார்கள். வாயசைப்பது ஒருவர், குரல் இன்னொருவர். அதுவரை முகத்தைப் பார்த்தால் பாடுவது யார் என்று தெரிந்தது. இனி முகத்தை நம்ப முடியாது. தமிழில் இந்த முறை 1938-இல் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தோடு வந்தது.

அந்தக் காலத்தில் நம் தமிழ்ப் படக்காரர்கள் கல்கத்தாவுக்கு வந்துதான் பல படங்களை எடுத்தார்கள். மெய்யப்ப செட்டியாரே 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’வுக்காக இங்கே வந்தார். 1937-இல் மட்டும் எம்.கே. தியாகராஜ பாகவதரின் இரண்டு பெரும் வெற்றிப் படங்கள் இங்குள்ள ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் உருவாகித் தமிழ்நாட்டுக்குப் போயின. ஒன்று ‘சிந்தாமணி’, மற்றொன்று எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’.

இந்த இரண்டும் நம் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு விடைகள். ‘சிந்தாமணி’ ஓடின ஓட்டத்தைச் சொல்லவேண்டியதில்லை. அந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி டாக்கீஸே எழும்பிற்று. ஆனால் அதன் பாட்டுகள் இசைத்தட்டில் வந்தபோது பாடியவர் பாகவதர் இல்லை. அவருடைய பாணியில் துறையூர் ராஜகோபால சர்மா பாடினார் என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் குறித்திருக்கிறார்கள். தட்டைச் சுழலவிட்டு, “பாகவதர் பாடறார் பாருடா!” என்று மெய்ம்மறந்த வீடுகள் எத்தனையோ. சர்மாவின் குரலுக்குக் கிடைத்த கண்ணீரும் கைதட்டலும் வேறொருவர் கணக்கில் வரவாயிற்று. ‘அம்பிகாபதி’யிலோ, தமிழ்ப் படத்திலேயே முதல்முறையாக இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர் திரையில் வந்தது. பாபநாசம் சிவன் பெயர். ஒரே ஆண்டு, ஒரே ஊர். ஒரு படத்தில் ஒரு பெயர் மறைந்தது, இன்னொன்றில் ஒரு பெயர் தோன்றியது.

இந்தியிலும் இதே கதைதான். 1949-இல் ‘மஹல்’ படம் வந்தபோது அதன் புகழ்பெற்ற பாட்டின் தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்று இருந்தது. காமினி என்பது கதையில் வரும் பாத்திரம்! யார் பாடினார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்று வெளிப்பட்டது. கேட்பவன் கேள்வி கேட்டான். அதனால் பாடகிக்குப் பெயர் கிடைத்தது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வானொலியில் பெயர் சொல்வது வேறொரு பெரிய சச்சரவில் போய் முடிந்தது. 1952-இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல் என்றாலே அவருக்கு ஆகாது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்று சொல்லி, அகில இந்திய வானொலி படப் பெயரை விட்டுவிட்டுப் பாடியவர் பெயரை மட்டும் அறிவிக்க முற்பட்டது. தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து, பாட்டு ஒலிபரப்பும் அனுமதியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊரே இலங்கை வானொலிக்குத் திரும்பிற்று. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகுதான் போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள்.

இலங்கை வானொலியைப் பற்றி நம் தலைமுறைக்குச் சொல்லவேண்டுமா? மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. படம், பாடியவர், எழுதியவர், இசை என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார்கள். அது ஒரு தர்மம் போல. பாடலாசிரியர் பெயரைத் தமிழ்நாட்டில் பாதிப்பேர் அறிந்துகொண்டது கொழும்பு வழியாகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

என் தகப்பனார் கிளைவ் ஸ்ட்ரீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. ரேடியோ பெட்டிக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டவேண்டிய காலம். சிற்றலையில் கொழும்பைப் பிடிப்பது கல்கத்தாவில் லேசான காரியம் இல்லை. அலை வரும், போகும். நடுவில் சீனமோ ரஷ்யமோ வந்து நுழையும். அப்பா பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். ஆபீஸ் கணக்கர் அல்லவா, கோடு போட்டுக் கட்டம் கட்டி, தேதி, பாட்டு, படம், பாடினவர், எழுதினவர், இசை என்று ஆறு பத்திகள். பாட்டு ஓட ஓடப் பென்சிலால் எழுதுவார். அறிவிப்பாளர் பெயர் சொல்லும் அந்த நொடியில் அலை மங்கிவிட்டால் அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்தை அப்படியே விடமாட்டார். அதே பாட்டு அடுத்த மாதம் வரும்போது, பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேனாவால் நிரப்புவார். பென்சில் என்றால் கேட்ட அன்று எழுதியது, மசி என்றால் பிறகு தெரிந்தது. 1961 முதல் 1968 வரை மூன்று நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ‘சமீபத்தில் கேட்டவை’ என்று இன்று செல்பேசி காட்டும் பட்டியலுக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? ஒன்றுதான். இதில் எழுதினவர் பெயருக்கு ஒரு பத்தி உண்டு.

இந்தப் பெயர் விவகாரத்தில் பணமும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. பாட்டு எங்கே எத்தனை தடவை ஒலித்தது என்ற கணக்கு இருந்தால்தானே எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு கேட்க முடியும்? 1969-இல் இதற்காக ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் ஏற்பட்டுக் கட்டண அட்டவணை வெளியிட்டது. அதை எதிர்த்தவர்களில் முன்நின்றது நம் ஊரிலிருந்த கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கம். வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1977-இல் உச்ச நீதிமன்றம் போய் முடிந்தது. பணம் கொடுத்துப் பாட்டை வாங்கிய தயாரிப்பாளருக்கே முதல் உரிமை என்று தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தினார். அவர் வருத்தம் வீண்போகவில்லை. 1994-இல் பாடுவோர் உரிமைக்கும், 2012-இல் எழுதுவோர் இசையமைப்போர் பங்குக்கும் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் காலத்துக்கு வருவோம். 2002-இல் இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ், தம் கணினியில் ஓடும் ஒவ்வொரு பாட்டையும் தானாகவே குறித்துக்கொள்ளும் ஆடியோஸ்க்ராப்ளர் என்ற நிரலை எழுதினார். என் தகப்பனார் பென்சிலால் செய்ததை இயந்திரம் செய்தது. அதே 2002-இல் லண்டனில் ஷசாம் வந்தது. தொலைபேசியில் 2580 என்று சுழற்றி, ஓடும் பாட்டுக்கு நேரே பிடித்தால் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். இந்தியாவுக்கு 2017-இல் அலெக்ஸா, 2019-இல் ஸ்பாட்டிஃபை. டம்டம் கம்பெனியோ 2000-ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2017-இல் பழைய பாட்டு ஐயாயிரத்தைப் பெட்டிக்குள் அடைத்துக் ‘கார்வான்’ என்று விற்றது. கௌஹர் ஜான் பாடிக்கொடுத்த அதே கம்பெனியின் வாரிசு இது.

இப்போது எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமியின் கதைக்கு வருகிறேன். வயது 84. மாமா இருந்தவரை இரண்டு பேருமாகப் பேசும் பெட்டியில் பாட்டுக் கேட்பார்கள். பெங்களூர்ப் பிள்ளை வாங்கிக்கொடுத்துப் பாட்டுச் செயலியையும் சேர்த்து வைத்தான். மாமா கேட்பார், பெட்டி பாடும். போன வருஷம் மாமா தவறிப்போனார். காரியமெல்லாம் ஆன பிறகு மாமி என்னிடம் கேட்டது இதுதான்: “அவர் கடைசியா என்ன பாட்டுப் போடச் சொன்னார்னு பார்த்துச் சொல்லுங்கோ. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன்.”

பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் செயலியை அதை நடத்தின கம்பெனி இடையிலே மூடிவிட்டிருந்தது. முன்னறிவிப்பு வந்திருக்கிறது, ஆங்கிலத்தில், பிள்ளையின் பழைய மின்னஞ்சலுக்கு. இரண்டு வருஷத்துப் பட்டியலும் அதோடு போயிற்று. பெட்டியோடு பேசின குரல் பதிவையாவது பார்ப்போம் என்றால், மூன்று மாதத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்று யாரோ எப்போதோ அமைத்திருக்கிறார்கள். மாமியிடம் சொன்னேன். “சரி, போறது” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

திரும்பி வந்து, “அப்ப நான் கேக்கறதையாவது எழுதி வையுங்கோ” என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய புதுச் செயலியைத் திறந்து, பட்டியலைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. எல்லாம் ஆங்கில எழுத்து. நம் ‘ழ’ ஒரு பாட்டில் எல் ஆகவும் மறுபாட்டில் இசட்-எச் ஆகவும் இருக்கும். பாடினவர் இருக்கவேண்டிய இடத்தில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். ஒரே பாட்டு மூன்று தொகுப்புகளில் மூன்று பெயரில் வரும். அதில் ஒன்று வேறு யாரோ பாடிய நகல். பாட்டு எழுதினவர் பெயர் பெரும்பாலும் முதல் பார்வைக்குத் தெரியாது, உள்ளே போய்த் துழாவவேண்டும், துழாவினாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. மாமி படத்தைச் சொல்லி, கதாநாயகியின் புடவையைச் சொல்லி, அன்று எந்தக் கொட்டகையில் யாரோடு பார்த்தேன் என்று சொல்லி, பாடினவரைச் சொல்லுவார். நான் அப்பாவின் நோட்டைப் புரட்டி எழுதினவரை நிரப்புவேன். கொழும்பு அறிவிப்பாளர் சொன்னது, அப்பா மசியால் எழுதியது, இப்போது மாமியின் பட்டியலுக்கு உதவுகிறது.

நம் உறுப்பினர் வீடுகளுக்கு உபயோகப்படும் என்று இரண்டொரு விஷயம் சொல்கிறேன். சமீபத்தில் கேட்டவை என்ற பட்டியல் நிரந்தரமானது அல்ல. புதிது வர வரப் பழையது கீழே இறங்கிக் கண்ணுக்கு மறையும். ஆனால் சில செயலிகளில் விண்ணப்பம் போட்டால் கணக்கு தொடங்கிய நாள் முதல் கேட்டதையெல்லாம் ஒரு கோப்பாக அனுப்புவார்கள். வந்துசேரச் சில நாளோ வாரமோ ஆகும். ஸ்பாட்டிஃபையில் இந்த வசதி உண்டு. யூடியூபில் கேட்டதைக் கூகுள் கணக்கின் வழியாக எடுக்கலாம். அலெக்ஸாவிடம் வாயால் கேட்டதை அதன் செயலியில் குரல் வரலாறு என்ற பகுதியில் பார்க்கலாம், அங்கே எவ்வளவு நாள் வைப்பது என்பதையும் அமைக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றால் பாட்டியின் பாட்டும் பேரனின் பாட்டும் கலந்துதான் வரும். பிரித்துக்கொள்வது நல்லது. சிலர் கலந்திருப்பதே நல்லது என்கிறார்கள். தமிழ் எழுத்தே தெரியாத ஒரு பையன், பாட்டியின் பட்டியல் தன் செல்பேசியில் வந்ததால் மட்டும் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலை அடையாளம் கண்டுகொள்வதை நானே பார்த்தேன். ஆகவே இதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பழைய தட்டுகள் வைத்திருப்பவர்களும் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். லேபிள் செல்லரித்திருந்தாலும் வழவழப்பான வளையத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், தேடலாம். எடைக்குப் போடாதீர்கள்.

பொங்கல் விழாவன்று சங்கக் கூடத்தின் வாசலில் ஒரு மேஜை போடச் செயற்குழு சம்மதித்திருக்கிறது. தேதி, பாட்டு, படம், பாடினவர், எழுதினவர், இசை என்று ஆறு பத்தி போட்ட நோட்டு ஒன்று அங்கே இருக்கும். முதல் இரண்டு பக்கம் மூன்றாம் மாடி மாமி கேட்ட நாற்பத்தொரு பாட்டுகள். அதில் ஒன்பது கட்டம் காலியாக இருக்கிறது. தெரிந்தவர்கள் மசியால் எழுதலாம்.